ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைத்தேன்



போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி வந்திருந்தாள். "ஆயா, குழம்பு வேணாம். தாம்பரத்துல தள்ளுவண்டியில நூடுல்ஸ் வறுக்கிறாங்களே, அந்த மாதிரி பெரிய நெருப்புல மாட்டுக்கறியும் காயும் போட்டு காரமா பண்ணித் தா" என்றாள். பண்ணினேன். அடுப்பில் ஏற்றி இறக்கப் பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. செய்முறையைச் சொல்கிறேன். ஆனால் செய்முறைக்காக மட்டும் இதை எழுதவில்லை. கடைசி வரை படியுங்கள்.

முதலில் கறி. நம் ஊர் மாட்டுக்கறி சீக்கிரம் வேகாது. அதற்குக் காரணம் உண்டு. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கால்நடைப் பாதுகாப்புச் சட்டப்படி, பொதுவாகப் பத்து வயதைத் தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்று சான்று பெற்ற மாட்டைத்தான் வெட்டலாம். வண்டியும் ஏரும் இழுத்த மாட்டின் கறி கெட்டியாகத்தானே இருக்கும்? அதனால்தான் நம் அம்மாக்கள் மணிக்கணக்கில் வேகவைத்தார்கள். நாம் குக்கரில் ஏழெட்டு விசில் விடுகிறோம்.

சீக்கிரம் வறுக்க வேண்டுமானால் கடையில் "அண்டர்கட்" என்று கேட்டு வாங்குங்கள். முதுகெலும்பின் உள்பக்கம் இருக்கும் தசை அது. மாடு அதிகம் உழைக்காத இடம், அதனால் மெத்தென்று இருக்கும். அரைக் கிலோ வாங்கி அரை மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். லேசாக இறுகிவிடும், மெல்லிசாக நறுக்க வரும். நார் ஓடும் திசையைப் பார்த்து, அதற்குக் குறுக்கே கத்தியை விடுங்கள். நாரோடு நறுக்கினால் கயிறு மாதிரி பல்லில் இழுக்கும். குறுக்கே நறுக்கினால் நார் துண்டு துண்டாகி, கடித்ததும் உதிரும்.

அண்டர்கட் கிடைக்கவில்லையா? பச்சைப் பப்பாளியை அரைத்து ஒரு தேக்கரண்டி பிசறி அரை மணி நேரம் வையுங்கள். அதிலுள்ள பப்பெய்ன் என்னும் நொதி கறியை இளக்கும். அதற்கு மேல் விட்டால் கூழாகிவிடும்.

நறுக்கிய கறியில் இரண்டு தேக்கரண்டி சோயா சாஸ், ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள், இஞ்சி பூண்டு விழுது, ஒரு மேசைக்கரண்டி சோள மாவு சேர்த்துப் பிசறி இருபது நிமிடம் ஊறவிடுங்கள். சோயா சாஸிலேயே உப்பு இருக்கிறது, பார்த்துப் போடுங்கள். ஆறு காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, எட்டுப் பல் பூண்டு, கொஞ்சம் வினிகர் விட்டு அரைத்துக்கொள்ளுங்கள். கேரட், பீன்ஸ், குடைமிளகாய், வெங்காயம் எல்லாம் நீளவாக்கில் நறுக்கித் தயாராக இருக்கட்டும். அடுப்பைப் பற்றவைத்த பிறகு நறுக்க நேரமில்லை.

இரும்பு வாணலி புகையும் வரை காய வேண்டும். கடலை எண்ணெய் விட்டு, கறியைப் பாதிப் பாதியாகப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் சட்டி சூடு இறங்கி, தண்ணீர் விட்டு, வறுவல் அவியலாகிவிடும். போட்டதும் ஒரு நிமிடம் கிளறாமல் விடுங்கள், சிவக்கட்டும். பிறகு புரட்டி, வெந்ததும் எடுத்து வையுங்கள். அதே சட்டியில் வெங்காயம், கேரட், பீன்ஸ் இரண்டு நிமிடம். குடைமிளகாய் ஒரு நிமிடம். மிளகாய் விழுதைப் போட்டு வதக்கி, கறியைத் திரும்பக் கொட்டி, நாலு புரட்டு. வெங்காயத்தாள் தூவி இறக்க வேண்டியதுதான்.

மிளகாய் விழுது எண்ணெயில் விழுந்ததும் வந்த நெடியில் நானும் பேத்தியும் இருமித் தீர்த்துவிட்டோம். "ஆயா, ஜன்னலத் திறயேன்!" என்று கத்தினாள். அப்போதுதான் பார்த்தேன். சமையலறை ஜன்னல் சாத்தியிருந்தது. நான்தான் சாத்தியிருக்கிறேன், என்னை அறியாமலே.

தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருந்த காலத்துப் பழக்கம் அது. வீட்டுக்காரர் முதல் நாளே "நீங்க என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். "எப்பவாவது முட்டைங்க" என்று பொய் சொன்னேன். சனிக்கிழமை இரவு ஜன்னலைச் சாத்தி, குக்கரில் வேகவைத்துச் சாப்பிடுவோம். எலும்பைக் காகிதத்தில் சுற்றி, காலையில் தூரமாகப் போய்ப் போட்டுவிட்டு வருவேன். பிறகு முடிச்சூரில் சொந்த வீடு வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பக்கத்து வீட்டார் எங்கள் மாடியில்தான் இரண்டு இரவு தங்கினார்கள், ஒரே பானைச் சோறு தின்றோம். அதற்குப் பிறகும் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் இருந்தேன். கேட்க ஆளில்லாத வீட்டிலும் கை தானாகப் போய்விடுகிறது.

இனி சொல்ல வேண்டியது.

1987. நாலாம் வகுப்பு. சத்துணவு சாப்பிடும் பிள்ளைகள் வெளியே வரிசையில் நிற்பார்கள், டப்பா கொண்டுவருபவர்கள் வகுப்பிலேயே சாப்பிடுவார்கள். ஒரு திங்கட்கிழமை ஒரு பையன் டப்பாவைத் திறந்தான். முதல் நாள் கறி. பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள், ஒருத்தி "ச்சீ" என்றாள். நான் அவனை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், ரொம்ப அன்பாகத்தான் சொன்னேன்: "இனிமே இதைக் கொண்டாராதப்பா."

"சரிங்க டீச்சர்" என்றான். மூடிய டப்பாவை மார்போடு அணைத்தபடி நின்றான். மறுநாளிலிருந்து அவன் டப்பா கொண்டுவரவில்லை. சத்துணவு வரிசையில் நின்றான்.

முந்தின நாள் இரவு என் வீட்டிலும் அதே கறிதான். "ச்சீ" என்றவளிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் என்னைப் பற்றித் தெரிந்துவிடுமே என்ற பயம். இரண்டு வருட ஆசிரியர் பயிற்சியில் பிள்ளைகளின் மனதைப் பற்றி எவ்வளவோ படித்தேன். அன்றைக்கு எதுவும் உதவவில்லை.

2022 மே மாதம் ஆம்பூரில் அரசு பிரியாணித் திருவிழா நடத்தப் போவதாக அறிவித்து, மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியது, விழா தள்ளிப்போனது, ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. பேப்பரில் படித்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பேப்பரை மடித்து வைத்த பிறகுதான் உறைத்தது. இதையேதான் நான் வராந்தாவில் நின்று, குரலைத் தாழ்த்தி, ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையிடம் செய்தேன். அதை யாருக்கும் சொல்லாமல் மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். ஜன்னலைத் திறந்தேன். நெடி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. அந்த அம்மா தும்மிக்கொண்டே எட்டிப் பார்த்து, "என்னா டீச்சர் பண்றீங்க?" என்றார். "மாட்டுக்கறி வறுவல்" என்றேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. "மிளகாய கொஞ்சம் கம்மியா போடுங்க, தும்மி மாளல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை காலம் புழுங்கினேன்!

சாப்பிட்டு முடித்ததும் பேத்தி கேட்டாள்: "ஆயா, மீதிய நாளைக்கு டப்பால வெச்சுத் தர்றியா?"

"வேணாம்மா" என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. 1987-இன் அதே அன்பான குரல். விழுங்கிக்கொண்டு, டப்பாவை எடுத்துக் கழுவினேன். "யாராவது ஏதாவது சொன்னா என்ன சொல்லுவ?" என்று கேட்டேன். "எங்க ஆயா பண்ணதுன்னு சொல்லுவேன்" என்றாள். மறுநாள் டப்பா காலியாக வந்தது.

அந்த வகுப்புப் பிள்ளைகளில் சிலர் இதைப் படிப்பீர்கள். அவன் யாரென்று உங்களுக்கு நினைவிருக்கலாம். பெயரை இங்கே எழுத வேண்டாம். அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: டீச்சர் சொன்னது தப்பு, அது டீச்சருக்கே அன்றைக்குத் தெரியும்.

இப்போது அவனுக்கும் நாற்பது தாண்டி ஐம்பதை நெருங்கும் வயது. வர விருப்பம் இருந்தால் முடிச்சூருக்கு வரட்டும். கறியை நறுக்கி ஊறவைத்திருப்பேன். அவன் செருப்பைக் கழற்றும்போது வாணலியை ஏற்றினால், பதினைந்து நிமிடத்தில் தட்டில் இருக்கும். வர விருப்பம் இல்லாவிட்டாலும் எனக்குப் புரியும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
முடிச்சூர்