உப்பு பார்க்கும் நாள்

வைகாசி வெயில் இன்னும் இறங்கவில்லை. பாகூர் ஏரிப் பாசனத்தை நம்பிய ஒரு சிற்றூர். சமுதாய நலக்கூடத்தின் வாசலில் செருப்புகள் சேர ஆரம்பித்திருக்கின்றன. சொர்ணவாரிப் பயிரில் களையெடுத்துவிட்டு நேராக வந்தவர்கள். முழங்கால் வரை அப்பிய சேறு காய்ந்து வெளுத்திருக்கிறது. பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருக்கிறார்கள். வியர்வை உலர்ந்த முதுகுப் பக்கம் உப்புப் பூத்திருக்கிறது.

உள்ளே இரண்டு மேசைகள். எடைக் கருவி, உயரம் அளக்கும் கோல், பிரஷர் பார்க்கும் பட்டை, ஐஸ் பெட்டி, மூடி போட்ட சின்னச் சின்ன டப்பாக்கள். சிறுநீரக நோயை ஆராயும் குழு ஒன்று வந்திருக்கிறது. ஊருக்குள் அந்தச் செய்தி "உப்பு பாக்குறாங்களாம்" என்றுதான் பரவியிருக்கிறது. ரத்தத்தில் சேரும் கிரியாட்டினினைத்தான் ஊரில் உப்பு என்பார்கள். ஜன்னலோரப் பெஞ்சில் நான் உட்கார்ந்திருக்கிறேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

முதல் மேசையில் இருக்கும் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். ஒப்புதல் படிவத்தை வரி வரியாகப் படித்துக் காட்டுகிறாள். எதற்காக ரத்தம் எடுக்கிறோம், எவ்வளவு எடுக்கிறோம், வேண்டாம் என்று தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், விலகினாலும் ஆஸ்பத்திரியில் கிடைக்கும் வைத்தியத்தில் ஒன்றும் குறையாது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் குழுவைச் சேராத ஒரு சாட்சி உடனிருந்து கையெழுத்துப் போட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை அப்படிச் சொல்கிறது. சாட்சியாக வந்திருப்பவர் எதிர்க்கடை மளிகைக்காரர். ஒவ்வொரு தடவையும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளை மேலிருந்து கீழ்வரை படித்த பிறகே பேனாவை எடுக்கிறார். வரிசை நீள்கிறது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. இந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது. கைநாட்டு வைப்பவர்தானே என்று தாளை நீட்டி விரலைப் பிடித்து அழுத்துகிற வழக்கம் நம் ஊர்களில் எத்தனை காரியங்களில் நடந்திருக்கிறது!

"காலையிலேர்ந்து எவ்ளோ தண்ணி குடிச்சீங்கக்கா?"

"கூழு குடிச்சேன்."

"தண்ணி?"

"ஒரு சொம்பு இருக்கும்."

"வயலுக்கு எடுத்துட்டுப் போறதில்லையா?"

"எடுத்துட்டுதான் போறோம். குடிச்சா ஒதுங்க எடம் வேணுமே, பாப்பா. சுத்தி வெட்டவெளி. அந்தாண்ட ஆம்பளைங்க மருந்தடிச்சிக்கிட்டு இருப்பாங்க."

பின்னால் நிற்கும் பெண்கள் ஆமாம் என்று தலையாட்டுகிறார்கள். அவர்களில் ஒருத்திக்குப் பதினெட்டு வயதுகூட இருக்காது என்று தோன்றுகிறது.

அடுத்த கேள்வி வலி மாத்திரை பற்றி. நட்டுவிட்டு வந்தால் ராத்திரிக்கு ஒன்று, இல்லாவிட்டால் மறுநாள் இடுப்பு நிமிராது என்கிறாள் அந்த அக்கா. என்ன மாத்திரை என்றதும் சுருக்குப்பையை அவிழ்த்து எடுத்துக் காட்டுகிறாள். கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்த இரண்டு மாத்திரைகள். பெயர் இருந்த பாதி வேறு யாருடைய பையிலோ போய்விட்டது. மேசைக்காரப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். சில வகை வலி மாத்திரைகள், அதுவும் உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் போட்டால், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். இது எந்த வகை? காரணத்தைத் தேடி இவ்வளவு தூரம் வந்த ஆராய்ச்சி, ஒரு வெட்டுத் துண்டுக்கு முன்னால் நிற்கிறது.

இவர்களைத் தேடி வர வேண்டியிருந்ததற்குக் காரணம் இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மருத்துவர்கள், தங்களிடம் வந்த இரண்டாயிரத்துச் சொச்சம் சிறுநீரக நோயாளிகளின் பதிவுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சர்க்கரை இல்லை, நெடுநாள் ரத்தக்கொதிப்பு இல்லை, தெரிந்த வேறு காரணமும் இல்லை. பெரும்பாலோர் வெயிலில் வேலை செய்கிறவர்கள், வயல்காட்டுக்காரர்கள். 2020-ல் கிட்னி இன்டர்நேஷனல் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்த அந்த ஆய்வு, இந்த நோய்க்குத் தொண்டைமண்டல நெஃப்ரோபதி என்று பெயர் வைத்தது. தொண்டைமண்டலம் என்பது தமிழ்நாட்டின் வடகரையோர மாவட்டங்களும் புதுச்சேரியும் சேர்ந்த பழைய நிலப்பரப்பு. பாகூரும் அதற்குள்தான் வருகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரின் வித்யாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களின் வருவாயைக் கொடுத்ததாகச் செப்பேடு இருக்கிறது. அன்று இந்த மண்ணில் உழைத்தவர்கள் கல்விக்குச் சோறு போட்டார்கள். கல்வி அவர்கள் பக்கம் திரும்பிப் பார்க்க இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

இலங்கையின் மதவாச்சி, பதவியா பகுதிகளிலும், ஆந்திரத்தின் உத்தானத்திலும், நிகராகுவா, எல் சால்வதோர் கரும்புத் தோட்டங்களிலும் இதே மாதிரி நோய் இருக்கிறது. வெயிலா, பூச்சிமருந்தா, நிலத்தடி நீரா, வலி மாத்திரையா, இவை எல்லாம் சேர்ந்தா என்ற கேள்வி முடியவில்லை. முடியும்வரை காத்திருக்காமல், மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்கள் சிலவற்றில் வேலைக்கு நடுவே தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் கட்டாயமாக்கிப் பார்த்தார்கள். சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. எனக்குத் தெரிந்து இந்த நோயைப் பற்றி வந்த செய்திகளில் இதைவிட நம்பிக்கை தருவது வேறில்லை.

வாசலோரப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நாற்பதைத் தாண்டியிருக்கும். இடது முன்கையில் துண்டு. பிரஷர் பார்க்கும் தம்பி, அவரும் வரிசையில் வந்தவர் என்று நினைத்து, பட்டையோடு குனிகிறான்.

"இந்தக் கை வேணாம், தம்பி. மிஷின் கை."

துண்டை விலக்குகிறார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நரம்பு கயிறாகப் புடைத்திருக்கிறது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "உள்ள ஓடுதுடா" என்று கையை எடுத்துக்கொள்கிறார். தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்த ஃபிஸ்டுலா. 1966-ல் நியூயார்க்கில் பிரெசியாவும் சிமினோவும் வெளியிட்ட முறை. இன்றும் டயாலிசிஸ்காரர்களின் உயிர் அந்தத் தையலை நம்பித்தான் ஓடுகிறது. தூங்கி எழுந்ததும் அதில் விரல் வைத்து ஓட்டம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பல் விளக்கப் போவேன் என்கிறார்.

கரும்பு வெட்டுகிற செட்டில் இருந்தவர். இப்போது வாரத்துக்கு இரண்டு டயாலிசிஸ், ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம். நல்ல சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் செய்கிற வேலையை எட்டு மணி நேரத்தில் செய்து முடிக்கப் பார்க்கிறது இயந்திரம். பல நாடுகளில் வாரத்துக்கு மூன்று தடவை என்பது வழக்கம், நம்மில் பலருக்கு இரண்டுதான் வாய்க்கிறது. பிரதம மந்திரி தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016-ல் வந்த பிறகு ஏழைகளுக்கு டயாலிசிஸ் இலவசம். ஆனால் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், துணைக்கு மனைவி வர வேண்டும், அவருடைய இரண்டு நாள் கூலி போகும். இவை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. வீட்டிலேயே வயிற்றுக்குள் திரவம் விட்டுச் சுத்தம் செய்யும் முறையையும் 2019-ல் அந்தத் திட்டத்தில் சேர்த்தார்கள். தொலைவூர்க்காரர்களுக்கு அது இன்னும் பரவலாக எட்ட வேண்டும்.

"மிஷின்லேர்ந்து எறங்கினா மறுநாள் பூரா அசதி. அது ஒண்ணு இல்லன்னா நான் ஏதாவது வேலை பாத்துடுவேன்" என்கிறார். டயாலிசிஸ் ஆய்வுகளில் எதை அளப்பது என்று நோயாளிகளையும் குடும்பத்தாரையும் மருத்துவர்களையும் சேர்த்துக் கேட்ட சாங் என்ற பன்னாட்டு முயற்சி ஒன்று உண்டு. கட்டாயம் அளக்க வேண்டியவை நான்கு என்று முடிவானது: இதயநோய், ரத்தம் எடுக்கும் வழியின் நலம், இறப்பு, அசதி. ரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு என்று அளந்துகொண்டிருந்த ஆராய்ச்சிக்கு அசதியைக் காட்டிக் கொடுத்தவர்கள் நோயாளிகள். துணைக்கு வருகிறவரின் கூலியையும் ஐந்தாவதாகச் சேர்க்க வேண்டும் என்பேன்.

அவர் மடியில் அரை லிட்டர் பாட்டில். பேனாவால் கோடுகள் போட்டிருக்கிறார். ஒரு நாளுக்கு அவ்வளவுதான். ஒரு காலத்தில் வெயிலில் தண்ணீர் குடிக்க நேரமில்லாதவர். இப்போது நேரம் இருக்கிறது, குடிக்கக் கூடாது.

பரிசோதனைக்கு அவர் வரவில்லை, கூடப்பிறந்த தம்பியை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் அவன். "எனக்கும் ஒண்ணும் இல்லாமதான்டா இருந்துச்சு. போய் நில்லு."

அதுதான் இந்த நோயின் வஞ்சகம். வலி இல்லை, வீக்கம் வெகுநாள் தெரியாது. சிறுநீரில் புரதமும் அதிகம் இறங்காது. மருத்துவர் எம்.கே. மணியின் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், தமிழக கிராமங்களில் வீடு வீடாகப் போய்ச் சிறுநீரைச் சோதித்து, சர்க்கரையையும் ரத்தக்கொதிப்பையும் மலிவு மருந்துகளால் கட்டுப்படுத்திக் காட்டியது. இந்த நோய்க்குச் சிறுநீர்ச் சோதனை மட்டும் போதாது, ரத்தம் எடுத்தாக வேண்டும். மருந்து ஆராய்ச்சியிலும் இதே சிக்கல். சிறுநீரகம் கெடுவதை டாபாகிளிஃப்ளோசின் தாமதப்படுத்தும் என்று 2020-ல் காட்டிய டாபா-சிகேடி ஆய்வு, சிறுநீரில் புரதம் இறங்குபவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது. இந்த வரிசையில் நிற்பவர்களில் பலருக்கு அதன் வாசலிலேயே இடம் கிடைத்திருக்காது. பின்னர் வந்த எம்பா-கிட்னி ஆய்வு கதவைக் கொஞ்சம் அகலமாகத் திறந்தது. வயல்காட்டு நோய்க்கு வயல்காட்டு மனிதர்களைச் சேர்த்துச் செய்யும் ஆய்வு வேண்டும். தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்ததில், ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேல் சிறுநீரக நோய் தெரிந்தது. அவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் தெரியவில்லை.

அவருடைய தம்பி வரிசையில் நின்றுவிட்டான். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொள்கிறான்.

முதலில் பேசிய அந்த அக்காவிடம், ஐஸ் பெட்டிக்காரத் தம்பி விளக்கிக்கொண்டிருக்கிறான். உப்பு கூடுதலாக இருந்தால் பயப்பட வேண்டாம், வெயிலில் உடம்பு வற்றியிருந்தாலும் ஒரு தடவை ஏறிக் காட்டும், மூன்று மாதம் கழித்தும் அப்படியே இருந்தால்தான் நோய் என்று வைத்துக்கொள்வோம்.

"மூணு மாசம்னா ஆவணியா?"

"ஆமாக்கா. காலைல பத்து மணிக்கு இங்கயே வருவோம்."

"சம்பா நடவு இருக்கும். பத்து மணிக்கு யாரு வருவா? கூலியை வுட்டுட்டு."

அவன் மேசைக்காரப் பெண்ணைப் பார்க்கிறான். அவள் பதிவேட்டை இழுத்து, காலை 10 என்பதை அடித்துவிட்டு மாலை 6 என்று எழுதுகிறாள்.

"ரத்தம் எடுத்தா மறுநாள் நடவுக்குப் போவலாம்ல?"

"தாராளமா போவலாம்க்கா."

"அப்ப எங்க செட்டையும் எழுதிக்க, பாப்பா. நான் இல்லாம எட்டு பேரு. நாளைக்கு எல்லாரையும் இட்டாரேன்."