பழைய ஆட்டம் என்றைக்கு முடிந்தது?



வரலாற்று வாத்தியார் கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி எழுதக் கிளம்பிவிட்டாரே என்று சிலர் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டே படியுங்கள். பொங்கலுக்கு வந்திருந்த என் தங்கை மகன்கள் இருவரும் ஒரே ஒரு தேதிக்காக ராத்திரி 11 மணி வரை வாதாடினார்கள். நிலத்தகராறோ என்று பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

ரூன்ஸ்கேப் என்று ஒரு ஆன்லைன் விளையாட்டு. இங்கிலாந்தில் ஆண்ட்ரூ கோவர் என்ற இளைஞர் தன் சகோதரரோடு சேர்ந்து உருவாக்கி, 2001 ஜனவரியில் வெளியிட்டது. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் அதைத் தனியாக ஏற்ற வேண்டியதில்லை, பிரவுசரிலேயே ஓடியது. அதனால்தான் நம்ம ஊர் பிரவுசிங் சென்டர் வரை வந்தது. மரம் வெட்டலாம், மீன் பிடிக்கலாம், இரும்பை உருக்கிக் கவசம் அடிக்கலாம், உலகத்தின் எந்த மூலையில் இருப்பவனோடும் பண்டமாற்று செய்யலாம். ‘முடிந்தது’ என்று திரையில் எழுத்து வராத ஆட்டம். அப்படியிருக்க, அதன் ‘பழைய காலம்’ எந்த நாளில் முடிந்தது என்பதுதான் சண்டை.

இவர்கள் இருவர் மட்டுமல்ல, அதை ஆடியவர்கள் எங்கே சந்தித்தாலும் இதே வழக்குதானாம்.

பெரியவன் 2003-ல் சேர்ந்தவன். அவனுக்கு முடிவு 2004 மார்ச். அந்த மாதம் ஆட்டத்தையே புதிதாக எழுதி ‘ரூன்ஸ்கேப் 2’ என்று கொண்டுவந்தார்கள். பழையதை ஓரமாக ‘கிளாசிக்’ என்ற பெயரில் ஓடவிட்டார்கள். “எதுக்கு மாமா கிளாசிக்னு பேர் வைப்பாங்க? செத்ததுக்குத்தானே!” என்கிறான்.

சின்னவன் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் தேதி 2007 டிசம்பர் 10.

அந்த நாளின் கதை எனக்குப் பெரிய சுவாரசியம். ஆட்டத்துக்குள் சேர்க்கும் பொற்காசை, நிஜப் பணத்துக்கு வெளியே விற்கும் கும்பல்கள் பெருகிவிட்டன. திருட்டு கிரெடிட் கார்டுகளில் சந்தா கட்டி உள்ளே வந்தார்கள். கார்டின் சொந்தக்காரர் புகார் செய்ததும் நிறுவனம் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதைத் தடுக்க ஒரு விதி போட்டார்கள்: இருவர் பொருள் மாற்றிக்கொண்டால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சம மதிப்பு இருக்க வேண்டும். ‘வைல்டர்னஸ்’ என்ற காட்டுப் பகுதியில் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தாக்கி, தோற்றவனின் பொருளை அள்ளிக்கொள்வதும் அன்றோடு நின்றது. கள்ளக் காசுக்காரனை நிறுத்த வேறு வழி தெரிந்திருக்காது, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விதிக்குள் இன்னொன்றும் சிக்கிக்கொண்டது. இனாம்! சும்மா கொடுப்பது என்பதே அந்த உலகத்தில் இல்லாமல் போயிற்று.

பெரியவன் அப்போது கல்லூரி விடுதியில் இருந்தான். ஆட நேரமில்லை. நாலு வருஷம் சேர்த்ததையெல்லாம், செமஸ்டர் லீவில் வந்து, 13 வயதுத் தம்பிக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். லீவுக்கு வந்தபோது கொடுக்க முடியவில்லை. தம்பி கையில் ஈடாக வைக்க ஒன்றுமில்லை. “பாஸ்வேர்டையே கொடுத்திருக்கலாமே?” என்றேன். “அது ரூல்ஸ்படி தப்பு மாமா” என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த ராத்திரி அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

என்னிடம் படித்த ஒரு பெண் 2009-ல் சேர்ந்தவள். போனில் கேட்டேன். அவள் 2012 நவம்பர் 20 என்றாள், யோசிக்கக்கூட இல்லை. சண்டை போடும் முறையையே அன்று மாற்றினார்களாம். சின்னவனுக்குப் பழைய காலம் செத்து இரண்டு வருஷம் கழித்து இவளுக்குப் பழைய காலம் தொடங்குகிறது! 2011 பிப்ரவரியில், 12 லட்சம் பேருக்கு மேல் வாக்களித்ததன் பேரில், இனாமும் காடும் திரும்பி வந்தன. அப்போது உள்ளே இருந்தவள் அவள். சின்னவன் அதற்குள் போய்விட்டான்.

ஆக ஒவ்வொருவரும் சொல்வது ஆட்டத்தின் தேதியை அல்ல. தன் கையிலிருந்து எது போயிற்றோ, அது போன நாளை.

2013-ல் இன்னொரு வாக்கெடுப்பு. பழையது வேண்டுமா என்று கேட்டார்கள். சுமார் நாலரை லட்சம் வாக்குகள் விழுந்தன. அந்த பிப்ரவரியிலேயே ‘ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ வந்தது. எந்தப் பழையது? 2007 ஆகஸ்ட். பொற்காலம் எது என்று யாரும் ஆராய்ந்து எடுத்த முடிவில்லை. அந்த மாதத்துப் பேக்கப் ஒன்று கைவசம் இருந்தது, அவ்வளவுதான். நம் துறையில் தினமும் நடப்பது இது. கல்லில் வெட்டியவன் காலம் நமக்குத் தெரியும், ஓலையில் எழுதிச் செல்லரித்தவன் காலம் தெரியாது.

வேடிக்கையைக் கேளுங்கள். ‘காட் வார்ஸ்’ என்ற பெயர்பெற்ற பகுதி முதலில் வந்தது அதே ஆகஸ்ட் மாதக் கடைசியில், பேக்கப்புக்குச் சில நாள் பிந்தி. அதனால் ‘பழைய’ ஆட்டத்தில் அது இல்லை. ஆட்டக்காரர்கள் வாக்களித்துச் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு அசலில் எக்காலத்திலும் இல்லாத ஒரு நிலப்பரப்பையே 2016-ல் சேர்த்தார்கள். அதற்கும் பெயர் ஓல்ட் ஸ்கூல்தான்.

இன்னொன்று. உலகம்தான் திரும்பி வந்தது, அவரவர் சேர்த்த பொருள் வரவில்லை. எல்லோரும் வெறுங்கையோடு, முதல் மரத்தை வெட்டுவதிலிருந்து தொடங்கினார்கள். சின்னவனும் தொடங்கினான்.

பெரியவனின் கிளாசிக், 2018 ஆகஸ்ட் 6 வரை சர்வரில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. “அப்ப உன் காலம் 2018-ல்தானே முடிஞ்சது?” என்று மடக்கினேன். ரோமப் பேரரசு 476-ல் வீழ்ந்தது என்று ஒரு மதிப்பெண் வினாவுக்கு எழுதச் சொல்வேனே, நினைவிருக்கிறதா? கான்ஸ்டான்டிநோபிளில் அதே பேரரசு 1453 வரை இருந்தது, அங்கிருந்தவர்கள் கடைசிவரை தங்களை ரோமர்கள் என்றேதான் சொல்லிக்கொண்டார்கள். அதைச் சொன்னேன். பெரியவன் அசையவில்லை. “நான் ஆடும்போது கூட ஆடினவங்க யாரும் அங்க இல்ல மாமா” என்றான்.

உங்களில் இதை ஆடியவர்கள் யாராவது இருந்தால் கீழே உங்கள் தேதியைப் போடுங்கள். எந்த வருஷம் சேர்ந்தீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள், அதைப் பார்க்காமல் மதிப்பெண் போட முடியாது.