சித்தப்பா... இன்னொரு பரோட்டா?

சோழபுரத்துல ஒரு கல்யாணம். சென்னையில இருந்து தூரத்துச் சித்தப்பா வந்திருக்கார். உங்க அப்பா முகம் கொடுத்துப் பேச மாட்டார். அம்மாதான் ரகசியமா உங்க கையில ஐநூறு ரூபாயைத் திணிச்சு, 'வெளியில கூட்டிட்டுப் போய் சாப்பிட வை'ம்பாங்க. உடனே ராஜபாளையத்துக்கு பஸ் ஏறுங்க. மேற்கே மலை கூடவே வரும்.

எங்க விருதுநகர் மாவட்டத்துல பரோட்டான்னா எண்ணெய் பரோட்டாதான். எண்ணெயில மிதக்க விட்டு மொறுமொறுன்னு எடுப்பாங்க. பிச்சுப் போட்டு, சால்னாவை ஊத்திட்டு, ரெண்டு நிமிஷம் சும்மா இருங்க. ஊறணும்ல!

அந்த ரெண்டு நிமிஷத்துலதான் விஷயமே. 'எத்தனை அரியர்?'னு அவர் ஆரம்பிக்கறதுக்குள்ள, 'தாத்தா எப்படி இருப்பார் சித்தப்பா?'னு நீங்க முந்திக்கங்க. நீங்க பார்த்தே இராத தாத்தாகிட்ட முதுகுல வாங்கினவர் அவர். ஆல்பத்துல இல்லாத கதையெல்லாம் வரும். பங்காளிங்க பேச்சு ஏன் நின்னுச்சுங்கறது உள்பட. (ஒரு ஆம்லெட் சொன்னா கதை இன்னும் நீளும்!)

பில்லுக்குக் குஸ்தி நடக்கும். விட்டுக் கொடுத்துடுங்க, பெரியவர் இல்லையா? அம்மா கொடுத்த காசுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கிக் கொடுங்க. 2019-ல புவிசார் குறியீடு வாங்கின அயிட்டம். பாலும் சர்க்கரையும்தான், ரொம்ப நாள் தாங்காது. வீட்டுக்குப் போனதும் பிரிச்சுடச் சொல்லுங்க.

ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ்ல ஏத்திவிடறப்ப மறக்காம அவர் நம்பரை வாங்கிக்கங்க. அதை அப்பாகிட்ட எப்பக் கொடுக்கறதுங்கறது உங்க சாமர்த்தியம்.