பதவி போச்சு... பட்டம் இருக்கு!

விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே ஒரு வரி கூடினால் போதும், நம்ம ஆள் நடக்கிற நடையே மாறிவிடும். 'சீனியர்' என்ற வார்த்தையை முன்னால் ஒட்டிவிட்டால் சம்பளம் ஏறாவிட்டாலும் காலர் ஏறிவிடும். இந்தப் பட்ட ஆசை நம்ம ஆபீஸோடு முடிந்துபோகிற சமாசாரம் என்று நினைப்பவர்கள், ஆஸ்திரியாவில் இருக்கும் சால்ஸ்பர்க்குக்கு ஒருமுறை டிக்கெட் எடுக்கலாம்.

ஜெர்மனி எல்லையை ஒட்டி, சால்சாக் நதிக்கரையில், மலைகளுக்கு நடுவே கொலு வைத்த மாதிரி ஓர் ஊர். 'சால்ஸ்' என்றால் உப்பு. பக்கத்து மலையில் எடுத்த உப்பைப் படகில் ஏற்றி விற்ற காசில் வளர்ந்த ஊர் இது. அந்தக் காசை எண்ணியவர் ராஜா அல்ல, பேராயர்!

இந்த ஊர்ப் பேராயருக்கு 'ப்ரீமாஸ் ஜெர்மானியே' என்று ஒரு பட்டம். ஜெர்மானிய நாட்டு ஆயர்களில் முதல்வர் என்று அர்த்தம். என்ன வேடிக்கை பாருங்கள்... ஊர் இருப்பது ஆஸ்திரியாவில், பட்டம் ஜெர்மனிக்கு! சரி, அதிகாரம்? ஜெர்மனியில் ஒரு சர்ச்சில் மெழுகுவர்த்தியை இடம் மாற்றி வைக்கச் சொல்லக்கூட இவரால் முடியாது.

அப்புறம் ஏன் இந்தப் பட்டம்? அந்தக் காலத்தில் புனித ரோமானியப் பேரரசு என்ற ஒரே கூரைக்குக் கீழே ஜெர்மனியும் இருந்தது, ஆஸ்திரியாவும் இருந்தது. வடக்கே மக்டபர்க் பேராயர், 'நான்தான் முதல்வர்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். 16-ம் நூற்றாண்டில் அந்த ஊர் புராட்டஸ்டன்ட் பக்கம் சாய்ந்தது. 1648-ல் வெஸ்ட்ஃபாலியா சமாதான ஒப்பந்தம் மக்டபர்க்கை பிராண்டன்பர்க்காரர்களுக்கு ஒதுக்கிவிட்டது. நாற்காலி காலியானதும் துண்டைப் போட்டு இடம் பிடித்தது சால்ஸ்பர்க்!

இன்னொரு பட்டமும் உண்டு. 'லெகாட்டுஸ் நாட்டுஸ்'. பதவியில் உட்கார்ந்த உடனேயே, தனி உத்தரவு இல்லாமல், போப்பாண்டவரின் தூதர் என்ற கௌரவம். இதனால் என்ன லாபம்? கர்தினால் ஆகாமலேயே சிவப்பு அங்கி போட்டுக்கொள்ளலாம். ரோமாபுரிக்கே போனாலும் போடலாம்!

இதையெல்லாம் படித்துவிட்டு, 'பாவம், வெறும் அலங்கார ஆசாமி' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தலையை நிமிர்த்தி மலை உச்சியைப் பாருங்கள். 1077-ல் கட்ட ஆரம்பித்த ஹோஹென்சால்ஸ்பர்க் கோட்டை. கட்டியவரும் பேராயர்தான். 1495-ல் பதவிக்கு வந்த லியோன்ஹார்ட் ஃபொன் கொய்ட்ஷாக் என்பவர் அதைப் பெரிதாக்கினார். அவருடைய குடும்பச் சின்னம் டர்னிப் கிழங்கு. கோட்டைக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் அந்தக் கிழங்கைச் செதுக்க வைத்தார் மனுஷர். சுவரில் பெயர் எழுதும் வியாதி நமக்கு மட்டுமா?

1587-ல் வந்த வுல்ஃப் டீட்ரிஷ் இன்னும் ஜோர். சாலோமே ஆல்ட் என்ற பெண்ணோடு குடும்பம், பதினைந்து குழந்தைகள், அவளுக்காக ஓர் அரண்மனை. அதுதான் இன்றைய மிராபெல். உப்புத் தகராறில் பவேரியாக்காரர்களிடம் வசமாக மாட்டிக்கொண்டார். 1612-ல் பதவி போனது. அதே கோட்டையில் சிறை. 1617-ல் அங்கேயே மரணம். அடைத்து வைத்தது அவருடைய சொந்தக்காரரான அடுத்த பேராயர், மார்க்குஸ் சிட்டிக்குஸ்!

இந்தச் சிட்டிக்குஸ் ஊருக்கு வெளியே ஹெல்புருன் என்ற உல்லாச மாளிகை கட்டினார். அங்கே ஒரு கல் மேஜை. விருந்தாளி உட்காரும் கல் முக்காலிகளிலிருந்து திடீரென்று தண்ணீர் பீய்ச்சியடிக்கும். பேராயர் ஆசனத்தில் மட்டும் சொட்டு ஈரம் இருக்காது. அவர் எழுந்திருக்காமல் யாராவது எழுந்திருக்க முடியுமா? பாஸ் ஜோக் அடித்தால் நனைந்துகொண்டே சிரிக்க வேண்டியதுதான்!

ஆனால், எல்லாமே சிரிப்பாக முடியவில்லை. 1731-ல் ஃபிர்மியான் என்ற பேராயர் ஒரே ஆணையில் புராட்டஸ்டன்ட் மக்களை ஊரைவிட்டு வெளியேறச் சொன்னார். சுமார் 20,000 பேர் வீடு வாசலை விட்டு நடந்தார்கள். பட்டத்துக்குப் பின்னால் நிஜ அதிகாரம் இருந்தால் அது எப்படி இருக்கும் என்பதற்கு அந்தக் குளிர்காலம் சாட்சி.

இப்போது கெட்ரைடெகாஸே தெரு, 9-ம் எண் வீட்டுக்கு வாருங்கள். 1756-ல் மொசார்ட் பிறந்த வீடு. அப்பாவும் பிள்ளையும் பேராயரிடம் சம்பளக்காரர்கள். 1781-ல் பேராயர் கொலரேடோ வியன்னாவுக்குப் போனபோது மொசார்ட்டையும் வரவழைத்தார். சாப்பாட்டு மேஜையில் அவருக்கு எங்கே இடம் தெரியுமா? பேராயரின் பணியாட்களுக்குக் கீழே, சமையல்காரர்களுக்கு மேலே! பையன் ராஜினாமா கடிதத்தை நீட்டினான். ஊரிலிருந்த அப்பா, 'வேண்டாம்டா, நிலையான வேலை' என்று பதறினார். எந்த அப்பாதான் பதறமாட்டார்? கடைசியில் பேராயரின் அதிகாரியான ஆர்க்கோ பிரபு, பின்புறத்தில் ஓர் உதை கொடுத்து வெளியே அனுப்பினார். மொசார்ட்டுக்கு அப்போது 25 வயது. அதற்குப் பிறகு சால்ஸ்பர்க் சம்பளத்துக்கு அவர் திரும்பவே இல்லை.

1800-ல் பிரெஞ்சுப் படை நெருங்கியதும் கொலரேடோ ஊரைவிட்டு ஓடினார். 1803-ல் பேராயர்களின் ராஜ்ஜியமே முடிந்தது. 1816-ல் சால்ஸ்பர்க் ஆஸ்திரியாவோடு சேர்ந்தது. ஆயர்கள் 'இளவரசர்' என்று போட்டுக்கொள்வதற்கு 1951-ல் ரோமாபுரி முற்றுப்புள்ளி வைத்தது. மிஞ்சியது 'ப்ரீமாஸ்' பட்டமும் சிவப்பு அங்கியும்தான்.

பேராயரின் அரண்மனையிலிருந்து சில அடி நடந்தால் மொசார்ட் சதுக்கம். 1842-ல் வைத்த சிலை. ஊர் விமான நிலையத்துக்கும் அவர் பெயர்தான். ஜெர்மானிய ஆயர்களின் முதல்வர், போப்பின் தூதர், இளவரசர் என்று அத்தனை பட்டம் வாங்கிய கொலரேடோவையும் உலகம் மறக்கவில்லை. 'மொசார்ட்டுக்கு பாஸா இருந்தாரே, அவர்தானே?' என்று சரியாக ஞாபகம் வைத்திருக்கிறது!