குமிழைத் திருப்பும் முன்

செஸ்னா 172 விமானத்தின் முன்பலகையில் கார்மின் ஜிஎன்எஸ் 430 என்றொரு பெட்டி இருக்கும், செயற்கைக்கோள்களைக் கேட்டு வழி சொல்லும் பெட்டி. 1998-இல் வந்த சாதனம். பயிற்சி விமானங்களில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. புதிதாக வரும் மாணவர்கள் அதைப் பார்த்ததும் முதலில் கேட்பது, “டச் ஸ்க்ரீன் இல்லையா, சார்?” இல்லை. வலது மூலையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குமிழ்கள். பெரியதைத் திருப்பினால் எழுத்தின் இடம் நகரும். சிறியதைத் திருப்பினால் எழுத்து மாறும். போகவேண்டிய ஊரை அதற்குச் சொல்ல வேறு வழி கிடையாது.

நான் மாணவர்களோடு அதிகம் சண்டை போடுவது அந்தச் சின்னக் குமிழுக்காகத்தான். சேலத்திலிருந்து திருச்சிக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். திருச்சியின் குறியீடு விஓடிஆர். கடைசி எழுத்தில் இரண்டு சொடுக்கு முன்னதாக நின்றுவிட்டால் விஓடிபி, அதாவது திருப்பதி. நான்கு சொடுக்கு தாண்டிவிட்டால் விஓடிவி, திருவனந்தபுரம். பெட்டி மறுபேச்சுப் பேசாது. திருப்பதிக்கும் அழகாக ஒரு கோடு போட்டுக் காட்டும். அதனால் குமிழைத் தொடும் முன்பே, தொடையில் கட்டியிருக்கும் பலகையில் திசையையும் தூரத்தையும் எழுதச் சொல்வேன். சேலத்திலிருந்து திருச்சி ஏறத்தாழ 150 டிகிரியில், 70 கடல் மைல். திருப்பதியோ வடகிழக்கே, அதைப்போல் இரு மடங்கு தூரத்தில். விடையைத் தோராயமாகவாவது தெரிந்துகொண்டு கேள்வி கேட்பவனை இந்தப் பெட்டி ஏமாற்றாது.

பெரிய விமானங்களுக்கும் இதே கதிதான். 1995 டிசம்பரில் கொலம்பியாவின் காலி நகரை நெருங்கிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் போயிங் 757-இன் கணினியில் ‘ஆர்’ என்ற ஒற்றை எழுத்தை விமானிகள் கொடுத்தார்கள். அவர்கள் நினைத்தது அருகிலிருந்த ரோசோ என்ற வானொலி வழிகாட்டியை. கணினி எடுத்துக்கொண்டது பொகோட்டா பக்கத்து ரோமியோவை. விமானம் கிழக்கே திரும்பியது. விஷயம் புரிந்து மறுபடி திருப்பிக்கொண்டு வருகையில் மலையில் மோதியது. 163 பேரில் பிழைத்தவர்கள் 4 பேர்.

சரி, திருச்சி என்றே சரியாகக் கொடுத்தாகிவிட்டது. நேராகப் போகலாமா? போனால் வழியில் கொல்லிமலை. 4,000 அடிக்கு மேல் எழும்பி நிற்கும் மலை அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பெட்டிக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடும். நான் நாமக்கல் வழியாகப் போகச் சொல்வேன். கோட்டைப் பாறை வானிலிருந்து தப்பாமல் தெரியும், அதைத் தாண்டினால் காவிரி கூடவே வரும். அதற்கு நாமக்கல்லை நாமே ஒரு புள்ளியாகப் பதிய வேண்டும். இங்கே இன்னொரு வம்பு. கைப்பேசி வரைபடம் 11.22 டிகிரி என்று தசமத்தில் சொல்லும். பெட்டி கேட்பது டிகிரியும் நிமிடமும். 11.22 என்பது 11 டிகிரி 13.2 நிமிடம். அதை 11 டிகிரி 22 நிமிடம் என்று பதிந்தால் புள்ளி வடக்கே ஏறத்தாழ 9 கடல் மைல் தள்ளிப் போய்விடும். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு எல்லாரும் மறந்துவிடுகிறோம்.

மதிய வெயிலில் மலையடிவாரக் காற்று குலுக்கும்போது குமிழ் கைக்கு அடங்காது. மோதிர விரலையும் சுண்டு விரலையும் பெட்டியின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு மற்ற விரல்களால் திருப்ப வேண்டும். இரண்டு எழுத்து, பிறகு வெளியே ஒரு பார்வை, மறுபடி இரண்டு எழுத்து. நான்கையும் ஒரே மூச்சில் முடிக்கிற சாமர்த்தியம் எனக்கு வேண்டாம். தலை குனிந்திருக்கும் அந்த நேரத்தில் இறக்கை சாய்வது யாருக்கும் தெரிவதில்லை.

இறங்குமிடம் நெருங்கும்போது, பாதையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்று காட்டும் முள் திடீரென்று ஓரத்துக்கு ஓடும். பையன்கள் பதறி விமானத்தைத் திருப்புவார்கள். நடந்தது வேறு. நெடும்பாதையில் முள்ளின் முழு வீச்சு 5 கடல் மைல். விமான நிலையத்துக்கு 30 மைலுக்குள் வந்ததும் அது 1 மைலாகச் சுருங்கும். இறங்கும் பாதையில் 0.3. விமானம் விலகவில்லை, அளவுகோல்தான் மாறியிருக்கிறது. திரையின் மூலையில் எந்த நிலை என்று சிறிய எழுத்தில் எழுதியிருக்கும். அதைப் படிப்பவர்கள் குறைவு.

உயரத்துக்கு மட்டும் இந்தப் பெட்டியை நம்பாதீர்கள். வானில் எல்லாரும் காற்றழுத்தத்தால் அளந்த உயரத்தில்தான் பறக்கிறோம். செயற்கைக்கோள் சொல்வது வேறு கணக்கு. அதிலும் நம் தெற்கு விசேஷமானது. செயற்கைக்கோள் கணக்கிடும் நீள்வட்ட மாதிரி பூமியைவிட இங்கே கடல்மட்டம் கிட்டத்தட்ட 100 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. உலகிலேயே மிகத் தாழ்ந்த இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில். திருத்தம் போடாத சில கைப்பேசிச் செயலிகள் மெரினா கடற்கரையில் நிற்பவரைக் கடலுக்கு அடியில் காட்டுவது இதனால்தான்.

காந்த நடுக்கோடும் தென் தமிழகத்தை ஒட்டியே போகிறது. சூரியன் மறைந்த பின் சில மணி நேரம் மேலே அயனி மண்டலம் கலங்கும். மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில் அதிகம். சில செயற்கைக்கோள்களின் சமிக்ஞை நடுங்கி விட்டுப்போகும். இடம் சொல்ல நான்கு போதும், ஒன்று பொய் சொல்கிறதா என்று சோதிக்க ஐந்தாவது வேண்டும். அது கிடைக்காவிட்டால் பெட்டியே எச்சரிக்கும். இந்திய விமான நிலைய ஆணையமும் இஸ்ரோவும் சேர்ந்து அமைத்த ககன் திட்டம் பிழைத்திருத்தங்களை அனுப்புகிறது. 2015-இல் இறங்கும் பாதைக்கும் அதற்குச் சான்று கிடைத்தது. ஆனால் 430-இன் பழைய வகைகளுக்கு அந்தக் குரலைக் கேட்கத் தெரியாது. உங்கள் விமானத்தில் இருப்பது எந்த வகை என்று கையேட்டின் இணைப்புப் பக்கங்களில் பார்த்துவிடுங்கள். தரவுத்தளத்தின் தேதியையும் கூடவே பாருங்கள். அது 28 நாளுக்கு ஒருமுறை மாறும்.