ஃப்யூஸ் போனால்...



தம்பி மகன் வீட்டில் சிறிய லேத் வைத்திருக்கிறான். அதன் கண்ணாடி ஃப்யூஸ் போய்விட்டது. "10 ஆம்பியர் போட்டுடலாமா பெரியப்பா?" என்றான். கூடாது என்றேன்.

பழைய ஃப்யூஸின் மூடியில் 'டி 5 ஏ 250 வி' என்று இருந்தது. 'டி' என்றால் தாமதமாக உருகுவது. மோட்டார் கிளம்பும் நொடியில் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். அதை இது தாங்கும். 'எஃப்' வகை சட்டென்று உருகிவிடும். எழுத்து, ஆம்பியர், வோல்ட், நீளம் நான்கும் பொருந்த வேண்டும்.

புதியதும் போனால் பெரிய ஃப்யூஸ் போடாதீர்கள். செம்புக் கம்பியும் சுற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சக்கைக் கையால் சுற்றினால் இலகுவாகச் சுழல்கிறதா, மோட்டாருக்குள் இரும்புச் சீவல் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். காரணம் தெரியாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அந்தக் கண்ணாடிக் குழாய் உருகினால் உருகட்டும். வீட்டு ஒயர் எரியக் கூடாது, பிள்ளைகளே.