குளிர்காலத்தில் மண்பாதை

டிசம்பர் கடைசியில் தென் இங்கிலாந்தில் சூரியன் காலை 8 மணிக்குத்தான் எழுகிறது. மாலை 4 மணியளவிலேயே மறைந்துவிடுகிறது. வேலைக்குப் போகிறவர்கள் வாரநாட்களில் இருட்டில் கிளம்பி இருட்டில் வீடு திரும்புகிறார்கள். சனிக்கிழமை பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளிக்கு, ஞாயிறு உறவினருக்கு. இதற்கிடையில் ஏப்ரலில் மாரத்தான், கோடையில் நூறு மைல் சைக்கிள் பயணம் என்று பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம் என்னைப் போன்ற சிலர். பனிக்காலத்தில் கிடைக்கும் ஒன்றிரண்டு மணி நேரத்தை எங்கே செலவிடுவது என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: தார்ச்சாலையை விட்டு மண்பாதைக்கு வாருங்கள்.

குளிரிலிருந்தே தொடங்குகிறேன். சாலையில் சைக்கிளில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நம் உழைப்பில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதிலேயே போய்விடும். வெப்பநிலை 2 டிகிரி என்றால், அந்த வேகத்துக் காற்று முகத்தில் மைனஸ் 4 போலக் குத்தும். விரல்கள் மரத்துப்போய் பிரேக் பிடிக்க வராது. காட்டுக்குள் அதே உழைப்புக்குப் 15 கிலோமீட்டர் வேகம்தான் கிடைக்கும். மிச்சத்தை ஈர மண்ணும் ஏற்றமும் எடுத்துக்கொள்ளும். வேகம் குறைந்ததால் எதிர்க்காற்று குறைவு, இருக்கிற காற்றையும் மரங்கள் தடுத்துவிடுகின்றன. சாலையில் மூன்றடுக்கு உடுப்போடு நடுங்குகிறவர், இங்கே முதல் ஏற்றத்திலேயே மேல்சட்டையின் ஜிப்பை இறக்கிவிடுவார். கருப்புப் பனிக்கட்டி படிந்த வளைவில் பின்னால் கார் வருமோ என்ற பயமும் இல்லை.

நான் போவது சர்ரே மலைகளுக்கு. மலை என்று சொன்னாலும் லீத் ஹில் 294 மீட்டர், பக்கத்தில் ஹோம்பரி ஹில் 261 மீட்டர், அவ்வளவுதான். ஆனால் மேலே போய், கீழே இறங்கி, மறுபடி ஏறினால் கால்களுக்கு உயரக் கணக்கு தெரிவதில்லை. இந்தப் பகுதியின் சிறப்பு அதன் மண். லீத் ஹில்லும் ஹோம்பரியும் மணற்கல் மேடுகள். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் வடிந்துவிடும், ஜனவரியிலும் டயர் ஓடும். வடக்கே சில மைல் தள்ளி நார்த் டவுன்ஸ் தொடர் சுண்ணாம்புக்கல். நனைந்தால் சவர்க்காரம் தேய்த்த தரைபோல் வழுக்கும். தெற்கே வீல்ட் தாழ்நிலத்தில் களிமண். சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சைக்கிளை நிறுத்தியேவிடும். எனவே மழை பெய்த வாரம் எங்கே போவது என்பதை வானிலை அறிக்கையோடு மண்ணையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த அறிவு எந்தப் பயிற்சி அட்டவணையிலும் இல்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

பாதைகளுக்குச் சட்டமும் உண்டு. 1968-ஆம் ஆண்டின் கிராமப்புறச் சட்டம் இங்கிலாந்தின் குதிரைப்பாதைகளில் சைக்கிள் ஓட்ட உரிமை தந்தது. நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் வழிவிட வேண்டும் என்பது நிபந்தனை. நடப்பவருக்கு மட்டுமான பாதைகளில் அந்த உரிமை இல்லை. குதிரையைக் கண்டால் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துக் குரல் கொடுக்கிறோம்.

பயிற்சி என்ற கோணத்தில் பார்த்தால், இங்கே கட்டளையிடுவது மண். சாலையில் கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் வேகம், மூன்று நிமிடம் ஓய்வு என்று நம்மை நாமே விரட்ட வேண்டும். காட்டில் ஏற்றம் வந்தால் நெஞ்சு படபடக்கும், இறக்கம் வந்தால் மூச்சு தணியும். நனைந்த ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் பிடியிழந்து சுழலும். இருக்கையின் முன்விளிம்பில் உட்கார்ந்து, மார்பைத் தாழ்த்தி, இரண்டு காலும் ஒரே அழுத்தம் கொடுக்கும்படி வட்டமாக மிதித்தால்தான் மேலே போக முடியும். மர வேர்களை அவற்றுக்குச் செங்கோணத்தில், பிரேக்கைத் தொடாமல் கடக்க வேண்டும். டயரில் காற்றைக் குறைத்தே வைத்திருப்போம்; அப்போதுதான் ரப்பர் நிலத்தின் மேடுபள்ளத்தோடு படிந்து பிடிக்கும். கைகள், தோள், இடுப்பு, வயிறு என்று சாலையில் சும்மா இருக்கும் தசைகளுக்கெல்லாம் வேலை. ஓட்டக்காரர்களுக்கு இன்னொரு லாபம்: மூச்சு வாங்க உழைத்தாலும் முழங்காலுக்கு ஓட்டத்தின் அதிர்வு இல்லை.

எங்களோடு யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வருவார், செவிலியர். வார்டில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவர். ஒருமுறை ஏற்றத்தின் உச்சியில் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "தம்பி, இதுக்குள்ள வந்தா வேற ஒண்டையும் யோசிக்கேலாது." அடுத்த வேர் எங்கே, அடுத்த வளைவு எங்கே என்று கண் தேடிக்கொண்டிருக்கும்போது அலுவலக மின்னஞ்சலுக்குத் தலையில் இடம் கிடையாது. நேரம் குறைந்தவர்களுக்கு இது இதயத் துடிப்புக் கணக்கைவிடப் பெரிய விஷயம் என்று நான் நம்புகிறேன்.

குளிர்காலத்தில் மண்ணில் ஓட்டுவதன் பலனைச் சாலைப் பந்தய வீரர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். பிரான்சில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சேற்றிலும் மண்ணிலும் ஓட்டும் சைக்ளோகிராஸ் பந்தயங்கள் தொடங்கிவிட்டன. 1910-இல் டூர் தெ பிரான்ஸை வென்ற ஒக்தாவ் லாபீஸ் குளிர்காலத்தில் அதை ஓட்டியவர். 1947-இல் அதே டூரை வென்ற ழான் ரோபிக், 1950-இல் பாரிஸில் நடந்த முதல் உலக சைக்ளோகிராஸ் பட்டத்தையும் வென்றார். இன்று மத்தியூ வான் டெர் பூல், வௌட் வான் ஆர்ட், டாம் பிட்காக் மூவரும் சேற்றில் வளர்ந்து சாலையில் பெரும் வெற்றிகள் கண்டவர்கள். உலக அளவிலேயே ஆண்கள் பந்தயம் ஒரு மணி நேரம்தான். உள்ளூர்ப் போட்டிகள் அதைவிடக் குறைவு. தடுப்பு வந்தால் இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கி ஓட வேண்டும். ஞாயிறு காலை போட்டி முடித்து மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம்.

எல்லாவற்றையும் மண் தந்துவிடாது. இறக்கங்களில் கால் சும்மா இருப்பதால் இரண்டு மணி நேரத்தில் மிதிக்கும் நேரம் சாலையைவிடக் குறைவு. மெதுவாக, ஒரே சீராகப் போகும் நெடும்பயிற்சியும் இங்கே நடக்காது. சேறு அதற்கு விடாது. நெடுந்தூரப் போட்டிக்கு அந்தச் சீரான உழைப்பு அடித்தளம் என்பதால், வாரத்தில் ஒரு நாள் நிதானமான ஓட்டமோ, வீட்டுக்குள் ட்ரெய்னரில் ஒரு மணி நேரமோ கட்டாயம் வைத்துக்கொள்கிறேன். திரும்பி வந்ததும் சைக்கிளைக் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் விடும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சர்ரே மலைகளின் மணல் பிரேக் பேடுகளை வேகமாகத் தின்றுவிடும். கையில் எப்போதும் ஒரு ஜோடி கூடுதலாக இருப்பது நல்லது.

வாரநாள் இரவில் போக இரண்டு விளக்குகள் வேண்டும். ஹேண்டில்பாரில் ஒன்று, ஹெல்மெட்டில் ஒன்று. ஹேண்டில்பார் விளக்கு சக்கரம் போகும் திசையை மட்டும் காட்டும். தலையில் இருப்பதுதான் வளைவுக்கு அப்பால் கண் பார்க்கும் இடத்தைக் காட்டும். தனியாகப் போகாதீர்கள்.

மார்ச் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியதும் மாலை வெளிச்சம் திரும்பிவிடும். அப்போது வார இறுதிகளைச் சாலைக்குக் கொடுத்துவிடுகிறேன்; நூறு மைலுக்கு உட்காரப் பழக வேறு வழியில்லை. புதன்கிழமை இரவு மட்டும் காட்டுக்கே.